பகலில் ஈட்டி, இரவில் வாள்

புல்வெளியில் ஓர் ஈட்டிக்காரனும், ஓர்க் என்ற கற்பனை அரக்க இனத்துப் படையாள் ஒருவனும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஈட்டிக்காரன் ஒரு மோதலில் மூன்று தடவை குத்துவான்; பட்ட குத்து ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளி சேதம். ஓர்க்கின் வாள் இரண்டு தடவைதான் வீசும், பட்டால் 9. வெட்டவெளி என்பதால் இருவர் மீதும் அடி விழும் வாய்ப்பு 60 சதவீதம். சராசரியைக் கணக்கிட்டால் ஈட்டிக்காரன் 12.6 புள்ளி சேதம் கொடுத்து 10.8 வாங்கிக்கொள்கிறான். கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

இது அந்தி நேரக் கணக்கு. சூரியன் ஏறிவிட்டால் கதை வேறு. மனிதப் படைக்குப் பகலில் 25 சதவீதம் பலம் கூடும், ஓர்க்குக்கு அதே அளவு குறையும். ஈட்டி 9 ஆகிறது, வாள் 7 ஆகிறது, கொடுப்பது 16.2, வாங்குவது 8.4. இரவில் எல்லாம் தலைகீழ்: ஈட்டி 5, வாள் 11. இப்போது ஈட்டிக்காரன் 9 புள்ளி கொடுத்து 13.2 வாங்குகிறான். ஆளும் ஆயுதமும் மாறவில்லை, நிற்கும் இடம்கூட மாறவில்லை. கடிகாரம் மட்டும் நகர்ந்திருக்கிறது.

இந்த ஆட்டத்தின் பெயர் ‘பேட்டில் ஃபார் வெஸ்நோத்’. டேவிட் வைட் என்ற நிரலாளர் 2003 ஜூனில் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டார், 1.0 பதிப்பு 2005 அக்டோபரில் வந்தது. மூலநிரல் திறந்தே இருப்பதால் யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து விதிகளைப் படிக்கலாம். வியூகக் கணிதம் பேசுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. கடையில் விற்கும் பல ஆட்டங்களில் அடி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை ரசிகர்கள் ஊகித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெஸ்நோத்திலோ, மோதலுக்கு முன்பே ஒரு சாளரத்தைத் திறந்தால், சண்டை முடிந்தபின் யாருக்கு எத்தனை உயிர்ப்புள்ளி எந்த நிகழ்தகவோடு மிஞ்சும் என்ற பட்டியலே கிடைக்கும்.

இந்த ஆட்டத்தில் ஒரு நாள் என்பது ஆறு முறைகள்: விடியல், முற்பகல், பிற்பகல், அந்தி, இரவின் முதல் சாமம், இரண்டாம் சாமம். விடியலிலும் அந்தியிலும் யாருக்கும் கூடுதலோ குறைவோ இல்லை. எனவே மனிதப் படையை நடத்துகிறவருக்கு நான்கு முறை தொலைவில் எதிரி இருந்தால், ‘எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரலாம்’ என்பது தவறான கேள்வி. அந்தியில் போய்ச் சேர்ந்தால் அடுத்த இரண்டு முறையும் எதிரியின் பொழுது. விடியலில் போய்ச் சேர வேண்டும். இருட்டும்போது பின்வாங்கி ஊர்களிலும் மலைகளிலும் பதுங்க வேண்டும். புதிதாக ஆடுகிறவர்களுக்கு இந்தப் பின்வாங்கல்தான் தொண்டையில் இறங்காது. பிடித்த இடத்தை விட்டுக் கொடுப்பது தோல்வி போலத் தெரியும். இரண்டு முறை விலகி நின்றால் எதிரி தன் நல்ல நேரத்தை நடந்தே செலவழிப்பான் என்பது நாலைந்து படைகளைப் பறிகொடுத்த பிறகே உறைக்கும்.

இடத்தின் கணக்கும் இதே மாதிரிதான். சாதாரண மனிதக் காலாள் வெட்டவெளியில் நின்றால் 60 சதவீத அடிகள் படும். காட்டிலும் குன்றிலும் 50. ஊர், கோட்டை, மலை என்றால் 40. ஆழமில்லாத தண்ணீரிலும் சதுப்பிலும் 80. மூன்று குத்துகளில் மூன்றும் பட்டுவிடும் வாய்ப்பு வெட்டவெளியில் 21.6 சதவீதம். அதே ஆள் ஊருக்குள் நுழைந்துவிட்டால் 6.4. ஆற்றில் இறங்கி நின்றால் 51.2. ஆற்றின் கரையைப் பிடித்துக்கொண்டு எதிரியைத் தண்ணீரில் நிற்கவைப்பது எல்லாக் காலத்துத் தளபதிகளும் செய்ததுதான். இங்கே அதற்கு எண் போட்டுப் பார்க்க முடிகிறது.

இனி மந்திரவாதிகள். வெஸ்நோத்தின் மந்திரத் தாக்குதலுக்கு நிலம் ஒரு பொருட்டில்லை. எங்கே நின்றாலும் 70 சதவீதம் படும். ஒரு மந்திரவாதி மூன்று தீக்கணைகள் வீசுவார், ஒவ்வொன்றும் 7 புள்ளி. எதிரே அடிபட்ட ஓர்க்குக்கு 14 புள்ளி மிச்சம் இருந்தால் இரண்டு கணை பட்டால் போதும். அதற்கான வாய்ப்பு 78.4 சதவீதம். மிச்சம் 15 என்றால்? மூன்றும் பட்டாக வேண்டும், வாய்ப்பு 34.3 ஆகச் சரிகிறது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம், பாதிக்கும் மேல் வீழ்ச்சி. ஆனால் அது பகல் பொழுதாக இருந்தால் கணை 9 புள்ளியாகும்; 15 புள்ளி ஆளுக்கும் இரண்டே கணை போதும்; மறுபடி 78.4. நிகழ்தகவு இங்கே சரிவுப் பாதையில் இறங்குவதில்லை, படிக்கட்டில் இறங்குகிறது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் எதிரியின் உயிர்ப்புள்ளியைப் பார்த்தவுடன் எத்தனை அடி வேண்டும் என்று எண்ணுவது இதனால்தான். மந்திரவாதிக்கு முன் வேறொருவனை அனுப்பி அந்த ஒரு புள்ளியைக் கழித்துவிடுவதும் இதே கணக்கில் அடங்கும்.

மூன்று கணைகளும் தவறிப்போகும் வாய்ப்பு 2.7 சதவீதம். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் நீண்ட போர்த்தொடர் ஒன்றில் நூறு தடவை இப்படிக் கணை வீசினால், ஒரு தடவைகூட அந்த அவமானம் நேராமல் தப்புவதற்கான வாய்ப்பு ஏழு சதவீதத்துக்கும் குறைவு. அதாவது அநேகமாக நேர்ந்தே தீரும். நேர்ந்தவுடன் ஆட்டக்காரர் கணினியைத் திட்டுவார், பகடை பொய் சொல்கிறது என்பார். தனக்குச் சாதகமாக மூன்றும் பட்ட சந்தர்ப்பங்கள் சுமார் 34 இருந்திருக்கும். அவை அவருடைய திறமைக் கணக்கில் போய்விடும்.

இந்த மனப்போக்கை ஜப்பானிய ஆட்டம் ஒன்று வேறு விதமாகக் கையாண்டது. 2002-ல் வந்த ‘ஃபயர் எம்பளம்’ வரிசையின் ஆறாவது ஆட்டத்தில், அடி படுமா என்று பார்க்கக் கணினி ஓர் எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை எடுத்துச் சராசரி பார்க்கும். இரண்டு எண்களின் சராசரி நடுப்பகுதியை நோக்கிக் குவியும். எனவே திரையில் 90 சதவீதம் என்று காட்டினால் உண்மையில் அடி படுவது சுமார் 98 சதவீதம். 10 என்று காட்டினால் சுமார் 2. எண்பதுக்கு மேல் எதைக் கண்டாலும் ‘கட்டாயம் படும்’ என்று நினைக்கும் மனிதர்களுக்கு ஏற்றபடி எண்ணையே வளைத்துவிட்டார்கள். ஆடுபவருக்கு அது நேர்மையான பகடையாகத் தெரியும். வெஸ்நோத் காட்டுவதையே செய்கிறது. அதனால் வசவும் அதிகம் வாங்குகிறது.

போர் விளையாட்டுக்குள் பகடை நுழைந்த கதை ஓர்க்குகளுக்கு வெகு முந்தையது. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு படைகளை வைத்து இந்தியாவில் பிறந்த சதுரங்கம் ஐரோப்பா போய்ச் சேர்ந்து செஸ் ஆயிற்று. 1780-ல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் யோஹான் ஹெல்விக் என்பவர் அந்தச் செஸ்ஸை விரித்து 1,617 கட்டங்கள் கொண்ட பலகையாக்கினார். மலைக்கு ஒரு நிறம், தண்ணீருக்கு ஒரு நிறம் என்று கட்டங்களுக்கு வண்ணம் தீட்டினார். நிலத்துக்கு மதிப்பு வந்துவிட்டது. ஆனால் வெட்டினால் காய் செத்தாக வேண்டும் என்ற செஸ் விதி அப்படியே இருந்தது.

பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் குடும்பம் அடுத்த அடியை எடுத்து வைத்தது. தந்தை 1812-ல் அரசருக்கு ஒரு போர்மேசையைக் காட்டினார். பீரங்கிப்படை அதிகாரியான மகன் 1824-ல் அதை ராணுவத்துக்கான ‘க்ரீக்ஸ்பீல்’ ஆக்கினார். கட்டங்கள் போய் நிஜ வரைபடம் வந்தது. ஒரு முறை என்பது போர்க்களத்தின் இரண்டு நிமிடம். துப்பாக்கிக் குண்டு எத்தனை பேரைச் சாய்த்தது என்பதைப் பகடை சொல்லும். நூறு துப்பாக்கிகள் ஒரே தூரத்திலிருந்து வெடித்தாலும் ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணிக்கை விழாது என்பதை அந்த அதிகாரிகள் களத்திலேயே கண்டவர்கள். பகடையைச் சூதாட்டத்திலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்து அளவீட்டுக் கருவியாக்கியது ராணுவம்தான். அந்த மரபு 1971-ல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் எழுதிய ‘செயின்மெயில்’ விதிநூலில் டிராகன்களையும் மந்திரவாதிகளையும் சந்தித்தது. மூன்று ஆண்டுகளில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பிறந்தது. இன்றைய கற்பனைப் போர் ஆட்டங்கள் பெரும்பாலானவற்றின் குடும்ப மரம் இது.

அறுகோணக் கட்டத்துக்கும் ஒரு பிறப்புச் சான்றிதழ் உண்டு. அமெரிக்காவின் அவலான் ஹில் நிறுவனர் சார்லஸ் ராபர்ட்ஸ், ராணுவ ஆய்வு செய்யும் ராண்ட் நிறுவனத்தின் பழக்கத்தைப் பார்த்து, 1961-ல் தம் பலகை ஆட்டங்களுக்கு அறுகோணத்தைக் கொண்டுவந்தார். சதுரக் கட்டத்தில் பக்கவாட்டில் ஒரு கட்டம் நகர்ந்தால் தூரம் 1; மூலைவழியாக நகர்ந்தால் 1.41. மூலைவழியை அனுமதித்தால் குறுக்கே ஓடுகிறவனுக்கு இலவசமாக 41 சதவீத வேகம். தடுத்தால் அவன் சுற்றித்தான் போக வேண்டும். அறுகோணத்தில் ஆறு அண்டைக் கட்டங்களும் ஒரே தூரம். வாதத்துக்கு இடமில்லை.

அதைவிட முக்கியம், ஒருவனைச் சுற்றி எத்தனை பேர் நிற்க முடியும் என்பது. வெட்டவெளியில் தனியாக மாட்டியவனை ஆறு பேர் சூழலாம். நேர்வரிசையில் தோளோடு தோள் நிற்கிறவனுக்கு முன்பக்கம் இரண்டே கட்டங்கள் திறந்திருக்கும். வெஸ்நோத்தின் வரைபடத்தில் வடக்கு–தெற்காக வரிசை போட்டால் இது கிடைக்கும். கிழக்கு–மேற்காகப் போட்டால் வரிசை ரம்பப் பல்லாகிவிடுகிறது: முன்துருத்தி நிற்பவனை மூன்று பேர் அடிக்கலாம், உள்வாங்கி நிற்பவனை ஒருவர் மட்டுமே. எனவே துருத்திய பல்லில் கவசம் கனத்தவன், உள்வாங்கிய பல்லில் காயம்பட்டவன்.

வரிசைக்கு அத்தனை ஆள் இல்லையென்றாலும் வழி உண்டு. ஒவ்வொரு காயும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களைத் தன் ஆதிக்கத்தில் வைத்திருக்கும். அதற்குள் கால் வைத்த எதிரி அந்த முறை முழுக்க அங்கேயே நின்றாக வேண்டும். இரண்டு வீரர்களுக்கு இடையில் இரண்டு வெற்றுக் கட்டங்கள் விட்டு நிறுத்தினால், ஆதிக்கங்கள் ஒட்டிக்கொண்டு வேலியாகிவிடும். பத்து கட்ட அகலத்தை நான்கு பேர் அடைக்கலாம். விதிவிலக்குகள் இரண்டு. வௌவால், வேலையாள் போன்ற பூஜ்ய நிலைக் காய்களில் பலவற்றுக்கு இந்த ஆதிக்கம் கிடையாது. லாவகமாக நழுவும் வாள்வீரர்கள் சிலரை இந்த ஆதிக்கம் தடுக்காது. அவர்கள் எதிரிப் பக்கம் இருந்தால் பின்னால் நிற்கும் மந்திரவாதிக்கு ஒரு மெய்க்காவலன் வேண்டும்.

ஏன் வரிசை, ஏன் சூழ்தல் என்பதற்கு ஒரு சமன்பாடு இருக்கிறது. அதை எழுதியவர் கார் தயாரித்த ஆங்கிலப் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர், ஆண்டு 1914. எல்லோரும் எல்லோரையும் குறிவைக்க முடிகிற சண்டையில் ஒரு படையின் பலம் அதன் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்றார் அவர். சமத் திறமையுள்ள 10 பேரும் 6 பேரும் மோதினால், 6 பேர் அழியும்போது 10-ல் மிஞ்சுவது நான்கு அல்ல, எட்டு. 100-லிருந்து 36 போனால் 64. அதன் வர்க்கமூலம் 8. ஒற்றையடிப் பாதையில் ஒருவருக்கு ஒருவராக மோதினால் மட்டுமே மிச்சம் நான்கு.

பத்துப் பேர் பன்னிரண்டு பேரை எதிர்கொண்டால் தோல்வி உறுதி. அந்தப் பன்னிரண்டு பேர் ஆறு ஆறாக வந்தால்? முதல் ஆறை முடித்தபின் எட்டுப் பேர் மிஞ்சுவார்கள். அடுத்த ஆறையும் முடித்தபின் ஐந்து பேர். லான்செஸ்டரே இதற்குக் காட்டிய உதாரணம் டிரஃபால்கர் கடற்போர். போருக்கு முன் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் வகுத்த திட்டம் 40 பிரிட்டிஷ் கப்பல்களையும் 46 எதிரிக் கப்பல்களையும் அனுமானித்தது. நேருக்கு நேர் என்றால் 1,600-க்கு எதிராக 2,116. எதிரி வரிசையை நடுவில் வெட்டி, ஒரு பாதியான 23 கப்பல்கள்மேல் 32 கப்பல்களை ஏவி, மறு பாதியை 8 கப்பல்கள் தாமதப்படுத்தினால், பிரிட்டிஷ் பக்கம் 1,024-ம் 64-ம் சேர்ந்து 1,088. எதிரிப் பக்கம் 529-ம் 529-ம் சேர்ந்து 1,058. தராசு சாய்ந்துவிட்டது. 1805-ல் நடந்த சண்டையில் 27-க்கு 33 என்று எண்ணிக்கை மாறியிருந்தது. நெல்சன் வரிசையை வெட்டியது மட்டும் மாறவில்லை.

ஒருவன்மேல் பலரைக் குவிப்பதற்கு வெஸ்நோத்தில் ஒரு கூடுதல் காரணமும் உண்டு. 38 புள்ளியில் ஒரே ஒரு புள்ளி மிஞ்சிய ஓர்க்கும் முழு வலுவோடுதான் வெட்டுவான். மூன்று பேரைக் குற்றுயிராக்குவது மூன்று முழு எதிரிகளை உயிரோடு விடுவதற்குச் சமம். ஒருவனை முடித்துவிட்டால் ஒரு வாள் குறையும். 1999-ல் வந்த ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3’ இதில் மாறுபடும்: அங்கே ஒரு காய் என்பது நூறு வில்லாளிகளின் திரளாக இருக்கலாம், முப்பது பேர் விழுந்தால் அடியும் முப்பது சதவீதம் குறையும். அந்த ஆட்டத்தில் பிரதான எதிரியை முதலிலேயே பலமாக அடிப்பது, கொல்லாவிட்டாலும் லாபம்.

அதே ஆட்டம் அடிக்கும் வரிசையையே ஒரு கலையாக்கியது. அங்கே அடிவாங்கிய திரள் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு தடவைதான் திருப்பி அடிக்கும். எனவே ஒரே ஒரு குட்டிச்சாத்தானை முதலில் அனுப்பிப் பதிலடியைச் செலவழிக்கவைப்பார்கள். பிறகு பெரும்படை வலியில்லாமல் வெட்டும். இரண்டு தடவை திருப்பி அடிக்கும் கிரிஃபின்களிடம் இந்தத் தந்திரம் ஒரு பலியோடு முடியாது. பலியாகும் குட்டிச்சாத்தானின் நிலைப்பாடு பற்றி எந்த வழிகாட்டி நூலும் பேசுவதில்லை.

வெஸ்நோத்தில் வரிசையின் தர்க்கம் ஆயுதத்தில் இருக்கிறது. வில்லும் பக்கத்துக் கட்டம் வரைதான் பாயும். ஆனால் எய்தவனுக்கு எய்தே பதில் சொல்ல வேண்டும். வாள் மட்டும் வைத்திருக்கும் ஓர்க்கை வில்லாளி தாக்கினால் பதிலடியே கிடையாது. இருண்ட மந்திரம் பயிலும் சீடன் இன்னும் மோசம்: அவனிடம் கைகலப்பு ஆயுதமே இல்லை. குதிரைவீரன் பாய்ந்தால் தானும் இரட்டிப்பு அடி வாங்கவேண்டிய ஆபத்து உண்டு. சீடன்மேல் பாய்ந்தால் அந்த ஆபத்து பூஜ்யம். சீடனை முன்வரிசையில் விட்டுவைத்த தளபதிக்கு மறுநாள் காலை சீடன் இருக்கமாட்டான்.

கடைசி அடி யாருடையது என்பதும் யோசித்துத் தீர்மானிக்கவேண்டியது. முதல் நிலை எதிரியோடு மோதினால் 1 அனுபவப் புள்ளி, கொன்றால் 8. போதிய புள்ளி சேர்ந்தவன் அடுத்த நிலைக்கு உயர்வான். உயரும் கணத்தில் அவன் காயமெல்லாம் ஆறிவிடும். சாகக் கிடக்கும் வீரனுக்குச் சரியான கொலையை ஒதுக்கிக் கொடுத்தால் வைத்தியரே தேவையில்லை. எல்லாக் கொலையையும் ஏற்கெனவே பலசாலியாகிவிட்ட நாயகனுக்கே கொடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அடுத்த களத்தில் அவன் ஒருவனைத் தவிர மற்றவர்கள் கற்றுக்குட்டிகளாக நிற்பார்கள்.

எதிரே கணினி ஆடும்போது இன்னொரு ஓட்டை கிடைக்கிறது. அதன் ஆக்ரோஷத்தை ஓர் எண் கட்டுப்படுத்துகிறது. இயல்பான மதிப்பு 0.4. மோதலை எடைபோடும்போது தன் இழப்பை 60 சதவீதமாக மட்டுமே அது கணக்கில் எடுக்கும்: பத்துப் பொற்காசு பெறுமானமுள்ள வீரனை இழப்பது அதற்கு ஆறு பொற்காசு வலி. ஆகவே ஊருக்குள் தடிமனான காலாள் ஒருவனைத் தூண்டிலாக வைத்து, அவனை அடிக்க வருகிறவர்கள் ஆற்றிலோ வெட்டவெளியிலோ நிற்கும்படி இடத்தைத் தேர்ந்தால், கணினி ஒவ்வொரு முறையும் வரும். இரண்டாம் சாமத்தின் முடிவில் அதன் காய்கள் தூண்டிலைச் சுற்றி நிற்கும். அடுத்தது விடியல், அதற்கடுத்த இரண்டு முறையும் ஈட்டிக்காரர்களின் பொழுது. மனித எதிரி இந்தத் தூண்டிலை ஒரு தடவை கடிப்பார். இரண்டாம் தடவை, அந்தி கவியும்வரை ஆற்றுக்கு அப்பால் காத்திருந்து, தன் தூண்டிலைப் போடுவார்.